போனிலா, மேகத்திலா?

(சென்ற ஆண்டு பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியவர் கீழப்பாவூரைச் சேர்ந்த நம் இயற்பியல் துறை முன்னாள் மாணவர். பாவூர்சத்திரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறார். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிடுகிறோம். – மலர்க் குழு)

பின்வரிசையில் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

தம்பிகளைப் போனை உள்ளே வைக்கச் சொல்லமாட்டேன். அது என் பிழைப்பு. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்பதால் கையிலேயே இருக்கட்டும்.

போட்டோ, வீடியோவையெல்லாம் போனிலேயே வைப்பதா, கிளவுடில் ஏற்றுவதா என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். மாலையில் பட்டிமன்றம் இருப்பதால் எனக்கும் அந்த மாதிரித் தலைப்பே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. கடைக்கு வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "பேரன் எல்லாத்தையும் மேகத்துல போட்டுட்டேங்கான். மழை பெஞ்சா என்னடே ஆவும்?" என்றார். கடையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குற்றாலத்துப் பக்கம் இருக்கிற நமக்கு மேகத்தின் குணம் தெரியும். ஒரு வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் பிடித்துக்கொள்ளும். இன்னொரு வருஷம் ஐந்தருவியில் பாறைதான் தெரியும். அது நம் கையில் இல்லாத பொருள். பெரியவர் சரியாகத்தான் கேட்டார்.

முதலில் அந்த மேகத்தைக் கொஞ்சம் தரைக்கு இறக்கிவிடுவோம். மேகம் என்பது ஒரு கட்டடம். அதற்குள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், அவற்றைக் குளிரவைக்க இயந்திரங்கள், கரண்ட் போனால் ஓட ஜெனரேட்டர்கள். கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலில் சுவாதி பூஜையன்று நீங்கள் எடுக்கிற வீடியோ, டவர் வழியாகவும் கண்ணாடி இழைக் கேபிள் வழியாகவும் போய், உங்களுக்குத் தெரியாத ஊரில் உள்ள அப்படிப்பட்ட கட்டடத்தில், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்குகளில், எழுதப்படுகிறது. ஆக அது இன்னொருவர் கம்ப்யூட்டரில் நாம் பிடித்த வாடகை இடம். வாடகை வீட்டில் நிம்மதியாக வாழமுடியாதா என்றால், வாழலாம். ஆனால் வீட்டுக்காரர் யார், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாழவேண்டும்.

அப்படியானால் போன் சொந்த வீடா? இங்கேதான் நம்மில் பலர் பழைய காலத்திலேயே நிற்கிறோம்.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு போன் கிணற்றில் விழுந்து செத்தாலும், படத்தைப் பற்றிக் கவலை இல்லை. மூடியைத் திறந்து பாட்டரியைக் கழற்றி, மெமரி கார்டை உருவித் துடைத்துக் கொடுத்துவிடுவேன். புதுப் போனில் போட்டால் கல்யாணப் படம், காதுகுத்துப் படம் எல்லாம் அப்படியே வந்துவிடும். இப்போது படங்கள் போர்டிலேயே பற்றவைத்த சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பைக் கழற்றிப் படிக்கலாமே என்று இயற்பியல் படிக்கிற தம்பிகள் கேட்பீர்கள். ஒரு காலத்தில் அப்படிச் செய்ய முடிந்தது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 காலத்திலிருந்து, வேகம் கூடிய புதிய போன்களில், உள்ளே எழுதுவதை எல்லாம் மறையெழுத்தாக மாற்றித்தான் எழுதவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2019-இல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது விலை குறைந்த புதிய போன்களுக்கும் அது கட்டாயமாயிற்று. ஐபோனில் அதற்கு முன்பே உண்டு. அந்தப் பூட்டைத் திறக்க நீங்கள் போடுகிற பின் நம்பர் மட்டும் போதாது. போனின் பிராசசருக்குள் புதைந்திருக்கும் ரகசியமும் சேரவேண்டும். பிராசசர் செத்துவிட்டால், சிப்பைத் தனியாக எடுத்து எந்தப் பெரிய லேபுக்குக் கொண்டுபோனாலும் குப்பை எழுத்துதான் கிடைக்கும்.

இதில் நன்மையும் உண்டு. உங்கள் போனைத் திருடியவனுக்கு உங்கள் வீட்டுப் படம் கிடைக்காது. ஆனால் திருடனுக்குக் கிடைக்காதது எனக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது. "அண்ணாச்சி, போன் போனாப் போவுது, உள்ள இருக்க படத்த மட்டும் எடுத்துக் குடுங்க" என்று கேட்கிறவர்களிடம், "போனை வேணும்னா சரி பண்ணப் பாக்கேன், படத்தைத் தனியா எடுக்க முடியாது" என்று சொல்லவேண்டியிருக்கிறது. கண்ணுக்கு முன்னால் போன் இருக்கிறது, அதற்குள்ளே படம் இருக்கிறது, எடுக்க முடியாது என்றால் யார் நம்புவார்கள்? எனக்குத் தொழில் தெரியவில்லை என்று நினைத்துத் தென்காசிக்குப் போகிறார்கள். அங்கிருந்து திருநெல்வேலிக்குப் போகிறார்கள்.

கார்டு போடுகிற போன் இன்னும் வருகிறதே என்று சிலர் சொல்லலாம். விலை குறைந்த போன்களில் வருகிறது. விலை கூடியவற்றில் குறைந்துகொண்டே போகிறது. சாம்சங் தன் எஸ் வரிசையில் 2021-இல் எடுத்துவிட்டது. கார்டு வாங்கினாலும், 512 ஜிபி என்று அச்சடித்து உள்ளே எட்டோ பதினாறோ வைத்து விற்கிற போலிகள் ஏராளம். கொள்ளளவு தாண்டியபின் பழைய படத்தின் மேலேயே புதுப் படத்தை எழுதிக்கொண்டு போகும். பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. நல்ல கார்டும், பென் டிரைவும்கூட, வருஷக்கணக்கில் மின்சாரம் காட்டாமல் பெட்டியில் போட்டுவைத்தால் உள்ளே பிடித்துவைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். பீரோவில் நகையோடு பூட்டிவைப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுவதும் கிடைப்பதைவிட அதிகம். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி நான்கு மாவட்டமும் தத்தளித்தது. தாமிரபரணிக் கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அதன்பின் பல வாரம் என் மேஜையில் சேறு படிந்த போன்கள்தான். கிழக்கே இருக்கிற சொந்தக்காரர்களின் போன்களையும் இங்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். போனில் மட்டும் படம் வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட எதையும் மீட்டுக்கொடுக்க முடியவில்லை. கிளவுடில் ஏற்றியிருந்தவர்கள் புதுப் போன் வாங்கி, கணக்கைத் திறந்ததும் படங்கள் வந்து நின்றன.

அப்படியானால் கிளவுடுதான் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? பொறுங்கள். அந்த வெள்ள நாட்களில் டவருக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக ரோடு இல்லை, பல இடங்களில் கேபிளும் போயிற்று. சிக்னல் இல்லாத நேரத்தில் மேகத்தில் இருக்கிற எதுவும் இல்லாததற்குச் சமம். அப்பாவின் மருந்துச் சீட்டைக் கிளவுடில் வைத்துவிட்டு, மொட்டைமாடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் பின்னால் என்னிடம் சொன்னார்: "படம் எடுத்துதான் வச்சிருந்தேன் அண்ணாச்சி, பாக்கத்தான் முடியல."

இன்னொன்று, வாடகை விஷயம். கூகுள் போட்டோஸ் 2015 மே மாதம் வந்தபோது, தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவும் மலிந்தது. கண்டதையெல்லாம் எடுத்து ஏற்றினோம். 2021 ஜூன் 1 முதல் அந்த இலவசம் நின்றது. புதிதாக ஏற்றுவது எல்லாம் மெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் பொதுவான 15 ஜிபி கணக்கில் வரும் என்றார்கள். வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-இல் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. ஆப்பிள் 2011-இல் கொடுத்த 5 ஜிபியோடு நிற்கிறது. நிறைந்தபின் என்ன ஆகிறது என்பதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. "இடம் இல்லை" என்று போன் சொல்லும், தள்ளிவிட்டுவிடுவார்கள். அன்றைய தேதியோடு பேக்கப் நின்றுபோயிருக்கும். இரண்டு வருஷம் கழித்துப் போன் உடைந்து வரும்போது, "எல்லாம் கிளவுடுல இருக்கு" என்பார்கள். திறந்து பார்த்தால் பெரியவனின் பெயர்சூட்டு விழா இருக்கும், சின்னவனே இருக்கமாட்டான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே கணக்கோடு இணைந்த போனிலும் கிளவுடிலும் ஒரே படம் தெரிகிறது என்பதால் இரண்டு பிரதி இருக்கிறது என்று எண்ணாதீர்கள். போட்டோஸ் செயலியில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைக்கூடையில் 60 நாள் கிடக்கும், அவ்வளவுதான். போனில் இடம் காலியாகட்டும் என்று அழித்துவிட்டு மூன்று மாதம் கழித்து வந்து தேடச் சொல்லும் பையன்கள் எனக்கு மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

பெரிய இடத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைப்பது நம்மிடம் மட்டும் இருக்கிற பழக்கம் அல்ல. தென்கொரிய அரசு தன் அதிகாரிகளிடம், அலுவலகக் கம்ப்யூட்டரில் கோப்பு வைக்காதீர்கள், அரசின் ஜி டிரைவ் என்கிற கிளவுடிலேயே வையுங்கள் என்று சொல்லியிருந்தது. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி டேஜான் நகரத்தில் இருந்த அந்தத் தரவு மையத்தில் பாட்டரி தீப்பற்றியது. 858 டெராபைட் எரிந்துபோனது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே வேறு பிரதியே எடுத்துவைக்கவில்லையாம். சொந்த மேஜையில் பிரதி வைத்திருந்த அதிகாரி பிழைத்தார்.

கொரியாவரைக்கும் போவானேன்? நம் மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம், கரிவலம்வந்தநல்லூர் இருக்கிறது. பாண்டிய மன்னர் ஒருவருடைய ஏட்டுச் சுவடிகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே.சாமிநாதையர் தேடிப்போனார். அங்கே இருந்தவர் சொன்ன பதிலைத் தம் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடவேண்டும் என்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறதாம், அப்படியே செய்துவிட்டார்களாம். ஐயருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். எனக்கு அதில் உறைப்பது வேறு. எரித்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. மரியாதையாக, விதிப்படி செய்தார்கள். அந்த ஏட்டைத் தேடி ஒருவர் வருவார் என்பது அவர்களுடைய விதியில் இல்லை.

கிளவுடில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். யாரும் வஞ்சம் வைத்து அழிப்பதில்லை. இரண்டு வருஷம் எட்டிப்பார்க்காத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் 2023-இல் விதி வைத்தது. அந்த டிசம்பரிலிருந்து அதை நடைமுறைப்படுத்தவும் தொடங்கியது. ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? இங்கே 2004-க்குப் பின் படித்த பலரும் அதில் குடியிருந்தவர்கள்தான். 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடினார்கள். முன்கூட்டியே அறிவித்தார்கள், படங்களை இறக்கிக்கொள்ள 2016 வரைக்கும் அவகாசமும் கொடுத்தார்கள். விதிப்படிதான். அறிவிப்பு போன மெயில் முகவரியை நம்மில் எத்தனை பேர் அப்போது திறந்துகொண்டிருந்தோம்?

ஐயருக்கு மற்ற நூல்கள் கிடைத்ததற்குக் காரணம், அவை ஓரிடத்தில் மட்டும் இருக்கவில்லை. மடத்தில் ஒன்று, ஒரு கவிராயர் வீட்டுப் பரணில் ஒன்று, இன்னோர் ஊரில் பாதி ஏடு என்று இருந்தன. ஒன்று செல்லரித்த இடத்தை மற்றொன்றை வைத்து நிரப்பினார். பனையோலை சில நூறு வருஷத்துக்கு மேல் தாங்காது என்பது நம் முன்னோருக்குத் தெரியும். தாங்காது என்று தெரிந்ததால்தான் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார்கள். அதனால் போனா மேகமா என்று கேட்டால், எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது, அதை வேறு யாரால் திறக்கமுடியும் என்றுதான் நான் கேட்பேன்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. ஆதார் தொலைந்தால் மறுபடி இறக்கலாம். 2015-இல் வந்த டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம், மார்க் ஷீட் எல்லாம் அந்தந்த அலுவலகத்தின் பதிவேட்டிலிருந்தே வருகின்றன. பட்டாவுக்கு, பத்திரத்துக்கு, டிகிரிக்கு, அலைந்தாலும் நகல் வாங்கிவிடலாம். எந்த ஆபீசிலும் நகல் கிடைக்காதது எது? பீடி சுற்றிக்கொண்டே ஆச்சி பாடின தாலாட்டு. அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பின, "சாப்பிட்டியால?" என்கிற ஆறு விநாடிக் குரல். ஆயிரக்கணக்கான குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் இந்தப் பத்து இருபதுதான் கிடக்கும். இவற்றைத் தேடி எடுப்பது ஒரு மழைநாள் வேலை. அதை முதலில் செய்யுங்கள்.

திறப்பது யார் என்று சொன்னேன் அல்லவா? அதைச் சொல்லாமல் இறங்கக்கூடாது. என் கடைக்கு வருகிறவர்களில் எனக்கு மிகவும் சங்கடம் தருகிறவர்கள், உடையாத போனைக் கொண்டுவருகிறவர்கள். ஒரு தங்கச்சி வந்தாள். கணவன் வெளிநாட்டில் வேலை பார்த்தவன், தவறிவிட்டான். போன் நன்றாக இருக்கிறது. பின் நம்பர் தெரியாது. "அண்ணே, அவுக கடைசியாப் பேசினது அதுலதான் இருக்கு. பிள்ளைக்கு அவுக குரல் தெரியாது" என்றாள். கணக்கின் பாஸ்வேர்டாவது தெரியுமா என்றால் தெரியாது. ஓடிபி வரவேண்டிய நம்மூர் சிம், ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்துபோனது. அப்படிப் போன நம்பரை 90 நாளுக்குப் பிறகு வேறு யாருக்கும் கொடுத்துவிடலாம் என்பது விதி. படம் போனிலும் இருக்கிறது, மேகத்திலும் இருக்கிறது, இரண்டு இடத்திலும் பத்திரமாக இருக்கிறது. அவளுக்குத்தான் இல்லை. அந்தப் போனை இன்னும் வைத்திருக்கிறாள். அவ்வப்போது சார்ஜ் போடுகிறாளாம்.

இதற்கு வழி இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. கூகுள் கணக்கில் 2013 முதல் ஓர் ஏற்பாடு உண்டு: நான் இத்தனை மாதம் கணக்கைத் தொடாவிட்டால் என் படங்களை இன்னாருக்குக் கொடுத்துவிடு என்று, பத்துப் பேர் வரைக்கும் எழுதிவைக்கலாம். மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை கெடு வைத்துக்கொள்ளலாம். ஐபோனிலும் 2021 டிசம்பரிலிருந்து வாரிசுத் தொடர்பு என்று சேர்த்திருக்கிறார்கள். உயில் எழுதுகிற வயசு எனக்கு வரவில்லை என்று தம்பிகள் சிரிப்பது தெரிகிறது. அந்தத் தங்கச்சியின் கணவனுக்கு முப்பத்திரண்டு வயசு. வெளிநாடு போகிறவர்கள் ஊர் சிம்மை மட்டுமாவது உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எல்லாப் பூட்டுக்கும் சாவி.

கடைசியாக நம் சங்கத்து விஷயம். செயலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன். சங்கம் தொடங்கினதிலிருந்து எடுத்த படங்களில் பெரும்பகுதி, முன்னாள் பொறுப்பாளர் ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லவில்லை; அவர் செய்தது உதவி. ஆனால் அவர் இப்போது அந்த முகவரியைப் பயன்படுத்துவதில்லை. துறைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோக்களில் ஈரம் ஏறிவிட்டது. பலவற்றில் ஆசிரியர் வரிசையைத் தவிர மற்றவர்கள் யார் என்று சொல்ல ஆள் குறைந்துவருகிறது.

அதனால் இன்றைக்கு நூலக வாசலில் ஒரு மேஜை போட்டிருக்கிறோம். என் கடைப் பையன்கள் இரண்டு பேர் ஸ்கேனரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் கொண்டுவந்த பழைய படங்களை ஸ்கேன் செய்து அப்போதே திருப்பித் தருவார்கள். ஒரு ஹார்டு டிஸ்க் கல்லூரி நூலகத்தில் இருக்கும். இன்னொன்று பொருளாளரின் திருநெல்வேலி வீட்டில். மூன்றாவது பிரதி சங்கத்தின் பெயரிலேயே தொடங்குகிற கிளவுட் கணக்கில். அதன் பாஸ்வேர்டு உறையில் போட்டு முதல்வர் அறையில் இருக்கும். மீட்பு நம்பர் இரண்டு பொறுப்பாளர்களுடையது. வருஷா வருஷம் ஒன்றுகூடல் அன்று அந்த இரண்டு டிஸ்கையும் செருகித் திறந்து பார்க்கவேண்டும். அதைச் செய்ய இறுதியாண்டு மாணவர் இருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் பெயர் கொடுங்கள்.

படத்துக்குப் பின்பக்கம் யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதிக் கொடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும்.